30 கோடி டன் எஃகு: நம் மண்ணில் என்ன இருக்கிறது, எது இல்லை?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

2017 தேசிய எஃகுக் கொள்கைப்படி 2030–31க்குள் நாட்டின் எஃகுத் திறன் 30 கோடி டன்னாக வேண்டும், உற்பத்தி 25.5 கோடி டன். பேச்சு வந்தாலே "நம்மிடம்தான் இரும்புத்தாது கொட்டிக் கிடக்கிறதே" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு மூன்று கேள்விகள். ஒரு டன் இரும்புக்கு என்னென்ன கனிமம், எத்தனை கிலோ? நிலக்கரி இவ்வளவு இருந்தும் ஏன் ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறோம்? சேலம் கஞ்சமலைத் தாது ஏன் இன்னும் மலையிலேயே இருக்கிறது? துறையில் இருப்பவர்கள் எண்ணோடு சொன்னால் நல்லது.

உலைவாய்

ஊது உலை வழியை, அதாவது சூடான காற்றை ஊதிக் கோக்கால் தாதை இரும்பாக உருக்குவதை வைத்துச் சொல்கிறேன். 1 டன் உருகிய இரும்புக்கு (ஹாட் மெட்டல்) நம் நாட்டு நிலவரம் ஏறக்குறைய இப்படி:

இரும்புத்தாது 1.6 டன். இது லம்ப் (கட்டித் தாது), சின்டர் (தூளைச் சுட்டு ஒட்டவைத்தது), பெல்லட் (நுண்தூளை உருட்டிச் சுட்டது) மூன்றும் சேர்ந்த கணக்கு.
கோக் (காற்றில்லாமல் சுட்டுக் கெட்டியாக்கிய நிலக்கரி) 400 முதல் 450 கிலோ.
தூளாக்கி ஊதும் கரி (பிசிஐ) 150 கிலோ, ஓட்டம் நன்றாக இருந்தால்.
சுண்ணாம்புக்கல், டோலமைட்: சின்டர் ஆலையிலும் கன்வெர்ட்டரிலும் (உருகிய இரும்பில் ஆக்ஸிஜன் ஊதி எஃகாக்கும் கலம்) போவதைச் சேர்த்தால் 300 முதல் 400 கிலோ.
மாங்கனீசு, சிலிக்கன் கலவைகள் 10 முதல் 15 கிலோ.
உலைச் செங்கல், காஸ்டபிள் (வெப்பம் தாங்கும் வார்ப்புக் கலவை) எல்லாம் சேர்த்து 10 கிலோ அளவு.

பட்டியலின் மேலே இருப்பதுதான் பெரிய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1.6 டன் தாது நம்மிடம் உண்டு. ஆலையைத் திணறடிப்பது 450 கிலோ கோக். கடைசி வரியில் இருக்கும் 10 கிலோ செங்கல் வராவிட்டாலும் கன்வெர்ட்டர் நிற்கும்.

25.5 கோடி டன்னில் 15 கோடி டன் ஊது உலை வழியே வரும் என்று வைத்தால், டன்னுக்கு 0.6 முதல் 0.65 டன் கோக்கிங் கரி (கோக்காகும் நிலக்கரி) வீதம் 9 முதல் 10 கோடி டன் கரி வேண்டும். அதுவும் பிசிஐ தடையில்லாமல் ஓடினால்தான்.

கோக்அடுப்பு

இரண்டாவது கேள்விக்கு. நிலக்கரி எல்லாம் ஒன்றல்ல. காற்றில்லாமல் 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சில கரி மட்டும்தான் இளகி, உப்பி, மறுபடி கெட்டிப்பட்டுக் கோக்காகும். மற்றது வெறும் கரித்தூளாக நிற்கும். நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை, அனல் மின் நிலையத்துக்கானது. முதல்தரக் கோக்கிங் கரி கிடைக்கும் இடம் ஜார்க்கண்டின் ஜாரியா படுகை ஒன்றுதான். பொகாரோ, ராணிகஞ்ச் பக்கம் நடுத்தர வகை கிடைக்கும்.

ஜாரியாவில் மூன்று முடிச்சுகள். 1916 முதல் நிலத்தடியில் தீ எரிகிறது. கரி அடுக்குகளின் மேல் ஊரும் ரயில் பாதையும் இருக்கின்றன. மூன்றாவது, சாம்பல்.

சாம்பல் கணக்கைப் பாருங்கள். 1 டன் கரி சுமார் 0.75 டன் கோக் தரும். கரியிலிருக்கும் சாம்பல் முழுக்கக் கோக்கில்தான் தங்கும். எனவே கரியில் 9% என்றால் கோக்கில் 12%. குயின்ஸ்லாந்தின் போவன் படுகைக் கரி இந்த அளவில் வரும். கழுவிய ஜாரியா கரி 18%, அதை மட்டும் போட்டால் கோக்கில் 24%. 30% உள்நாடு, 70% இறக்குமதி என்று கலந்தால் கலவையில் 11.7%, கோக்கில் 15.6%.

12க்கும் 15.6க்கும் வெறும் 3.6 தானே என்று தோன்றும். 450 கிலோ கோக்கில் அது 16 கிலோ கூடுதல் சாம்பல். முதலில் 16 கிலோ கார்பன் போயிற்று. அந்தச் சாம்பலில் பாதி சிலிக்கா, அதைக் கரைக்க 20 கிலோவுக்கு மேல் சுண்ணாம்புக்கல் கூடுதலாக வேண்டும். கசடு (உலையில் உருகிப் பிரியும் அழுக்கு) 28 கிலோ ஏறும். அந்தக் கசடை உருக்க மறுபடி கோக். ஒரு சதவீதத்துக்காகக் கொள்முதல் பிரிவோடு ஏன் சண்டை நடக்கிறது என்பது இப்போது புரியும்.

சாம்பலைவிட முக்கியம் வலு. 4,000 கன மீட்டர் உலையில் கோக்தான் தூண். மேலே இருக்கும் தாதுப் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு, இடுக்குகள் வழியே காற்றையும் விட வேண்டும். சிஎஸ்ஆர் (உலை வாயு தின்றபின் கோக்கில் மிஞ்சும் வலு) 65க்கு மேல், சிஆர்ஐ (வாயு கோக்கைத் தின்னும் அளவு) 25க்குக் கீழ் என்பது பெரிய உலைக்கான எதிர்பார்ப்பு. கோக் நொறுங்கினால் தூள் அடைத்து, காற்று ஒரே பக்கமாக ஓடி, பாரம் தொங்கிச் சரியும். ட்யூயர் (காற்று ஊதும் முனை) எரியும்.

இளவேனில்

சாம்பல்தான் சிக்கல் என்றால் இன்னும் நன்றாகக் கழுவலாமே?

கோக்அடுப்பு

கழுவலாம். எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. நம் கோண்ட்வானா கரியில் கல்லும் கரியும் தனித்தனித் துண்டுகளாக இல்லை. மாவில் கலந்த மணல்போல நுண்ணிய அளவில் பின்னிக் கிடக்கின்றன. வாஷரியில் (கரி கழுவும் ஆலை) மேக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்புத்தாது) தூளைத் தண்ணீரில் கலந்து கனமான நீர்மம் ஆக்கி, கரியை மிதக்கவிட்டுக் கல்லை மூழ்கடிப்பார்கள். நம் கரியில் பாதித் துண்டுகள் மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் நடுவே நிற்கும். அடர்த்தியை 0.02 தவறாக வைத்தாலே ஒன்று விளைச்சல் குறையும், இல்லை சாம்பல் ஏறும்.

எண்ணில்: 35% சாம்பல் உள்ள 100 டன் கரியைக் கழுவி 18%க்குக் கொண்டுவந்தால் 40 டன் கிடைத்தது என்று வையுங்கள். மிச்சம் 60 டன்னில் 46% சாம்பல். அதை மின் நிலையம் எடுத்துக்கொண்டால் சரி. எடுக்கவில்லை என்றால் வாஷரி முற்றத்தில் மலையாகக் குவியும், தானாகத் தீப்பிடிக்கும்.

கோக்கிங் கரித் திட்டத்தில் 2030க்கு 14 கோடி டன் என்று ஓர் இலக்கு உண்டு. அது வெட்டியெடுக்கும் கச்சாக் கரி. 40% விளைச்சல் போட்டால் 5.6 கோடி டன். அதையும் முழுக்கக் கழுவ வாஷரி வேண்டும். இன்று வெட்டும் கோக்கிங் கரியில் பெரும்பகுதி கழுவப்படாமலே மின் நிலையத்துக்குப் போகிறது. எனக்கு இதுதான் உண்மையான இழப்பு. சுரங்கம் திறப்பதற்கு முன் வாஷரி கட்ட வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது: ஸ்டாம்ப் சார்ஜிங். கரித்தூளை அடுப்பில் கொட்டாமல், இடித்து இறுக்கி ஒரே கட்டியாக உள்ளே தள்ளுவது. கன மீட்டருக்கு 750 கிலோவாக இருந்த அடர்த்தி 1,100 அளவுக்கு வரும். துகள்கள் நெருங்குவதால் மட்டமான கரியும் ஒட்டும், சிஎஸ்ஆர் ஏறும். ஈரம் 8 முதல் 10% இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி தள்ளும்போதே சரிந்து கதவை அடைக்கும். கூடினால் அடுப்புச் சுவரின் செங்கல் வெடிக்கும், வாயுச் செலவும் ஏறும்.

தாதுக்குவியல்

இரும்புத்தாது பக்கம் நான் வருகிறேன். "கொட்டிக் கிடக்கிறது" என்பது பாதிதான் சரி. ஹெமடைட் (சிவப்பு இரும்புத்தாது) சுமார் 2,400 கோடி டன், மேக்னடைட் சுமார் 1,100 கோடி டன் என்று வளக் கணக்கு இருக்கிறது. இது வளம். சுரங்கம் போடத்தக்க இருப்பு இதைவிடக் குறைவு. மேக்னடைட்டில் பெரும்பகுதி கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில்.

வெட்டும் இடங்கள்: ஒடிசாவில் கியோஞ்சர், சுந்தர்கட். ஜார்க்கண்டில் மேற்கு சிங்பூம், அதாவது நோவாமுண்டி, கிரிபுரு, குவா. சத்தீஸ்கரில் பைலடிலாவும் தல்லி ராஜ்ஹராவும். கர்நாடகத்தில் பல்லாரி, சந்தூர். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி. பிலாய் ஆலை ராஜ்ஹராவை நம்பி 1959 முதல் ஓடுகிறது. அந்த மலை தீர்ந்துவருவதால்தான் ராவ்காட் சுரங்கம் இவ்வளவு முக்கியம். விசாகப்பட்டினம் ஆலைக்குச் சொந்தத் தாதுச் சுரங்கம் கிடையாது, பைலடிலாவிலிருந்து வாங்குகிறது. கொத்தவலசை–கிரந்துல் மலைப் பாதையில் மண் சரிந்தால் ஆலையின் தாதுக் குவியல் இறங்கும்.

பைலடிலாத் தாது 65% இரும்பு, உலகத் தரம். ஆனால் பொதுவாக நம் தாதை உடைத்தால் லம்ப் குறைவு, 10 மி.மீ.க்குக் கீழான ஃபைன்ஸ் அதிகம். ஃபைன்ஸைக் கழுவினால் 0.15 மி.மீ.க்குக் கீழே சேறு பிரியும். அந்தச் சேற்றிலும் 55 முதல் 60% இரும்பு இருக்கும். பல பத்தாண்டுகளாகக் குளங்களில் தேங்கி நிற்பது அதுதான். மழைக்காலத்தில் அணை உடைந்தால் கீழே வயலெல்லாம் சிவப்பு.

அந்தச் சேற்றைப் பெல்லட் ஆக்கலாம். 80% துகள் 45 மைக்ரானுக்குக் கீழ் வரும்வரை அரைத்து, கட்ச் பெண்டோனைட் (ஒட்டும் களிமண்) 0.5 முதல் 1% சேர்த்து, உருட்டி, 1,250–1,300 டிகிரியில் சுட வேண்டும். இங்கே தவறுவது கோயத்தைட் என்ற இரும்புக் கனிமம். அதற்குள் நீர் கட்டுண்டு இருக்கும். உலர்த்தும் பகுதியில் வெப்பத்தை அவசரமாக ஏற்றினால் நீராவி உருண்டையை உள்ளிருந்து பிளக்கும். தொழிலாளி மேல் பழி போடுவார்கள், தாதின் எரிவிழப்பு (சூடாக்கினால் குறையும் எடை) எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

உலைவாய்

மேலே சொன்னதில் அலுமினாவைச் சேர்க்க வேண்டும். நம் தாதின் நோயே அதுதான். 2.5% அலுமினா என்று வைத்துக் கூட்டுவோம்.

தாது 1,600 கிலோவிலிருந்து 40 கிலோ.
கோக் 450 கிலோ, 13% சாம்பல், அதில் 29% அலுமினா: 17 கிலோ.
பிசிஐ 150 கிலோவிலிருந்து 4 கிலோ.
மொத்தம் 61 கிலோ. கசடு 350 கிலோ என்றால் அதில் 17.5% அலுமினா.

1% அலுமினா தாது போடும் உலையில் இதே கணக்கு 37 கிலோ, கசடு 280 கிலோ, 13%.

17க்கு மேல் போனால் கசடு தேன்போல் ஆகும். வடியாமல் அடியில் தங்கும், கந்தகத்தையும் இழுக்காது. மெக்னீசியா 8 முதல் 10% இருக்கும்படி டோலமைட்டோ டுனைட்டோ பைராக்சனைட்டோ (மூன்றும் மெக்னீசியா உள்ள கற்கள்) சேர்ப்பது இதற்குத்தான். டுனைட், பைராக்சனைட் சேர்த்தால் சுண்ணாம்பையும் சரிபார்க்க வேண்டும். அவை சிலிக்காவையும் கொண்டுவரும், காரத்தன்மை (கசடில் சுண்ணாம்பு–சிலிக்கா விகிதம்) 1.0க்குக் கீழே போய்விடும்.

இன்னொன்று பாஸ்பரஸ். ஊது உலை ஒரு கிராம் பாஸ்பரஸைக்கூட விரட்டாது. தாதில் 0.06% என்றால் 1,600 கிலோவில் 0.96 கிலோ, அப்படியே இரும்பில் 0.1%க்குப் பக்கத்தில். எடுக்கிற வேலை முழுக்கக் கன்வெர்ட்டரின் தலையில்.

கஞ்சமலை அடிவாரம்

மூன்றாவது கேள்வி. கஞ்சமலையிலும், திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன்மலையிலும் இருப்பது மேக்னடைட் குவார்ட்சைட். 35 முதல் 40% இரும்பு, மிச்சம் பெரும்பாலும் குவார்ட்ஸ். வெட்டி அப்படியே உலையில் போட முடியாது.

36% தாதை 65% அடர்வாக மாற்றி, இரும்பில் 80%ஐ மீட்டாலும் 100 டன் கல்லுக்கு 44 டன்தான். மீதி 56 டன் மாவாக அரைத்த குவார்ட்ஸ். அதற்குக் குளம், அரைக்க மின்சாரம், தண்ணீர் எல்லாம் வேண்டும். சேலத்தில் தண்ணீர் நிலவரம் எல்லோருக்கும் தெரியும். மலையைச் சுற்றி வீடும் வயலும். மலைக்காக ஊர்க்காரர்கள் எதிர்ப்பதை வளர்ச்சிக்கு எதிர்ப்பு என்று தள்ளிவிடக் கூடாது, அவர்களும் இதே 56 டன்னைத்தான் பார்க்கிறார்கள்.

தாதுக்கு நல்ல குணமும் உண்டு. அலுமினா குறைவு. காந்தத்தால் எளிதில் பிரியும். பெல்லட் சுடும்போது மேக்னடைட் ஹெமடைட்டாக மாறுகையில் தானே வெப்பம் விடும், எண்ணெய்ச் செலவு நன்றாகக் குறையும். கர்நாடகத்தின் குதிரேமுக் இதே வகைத் தாதுதான். அரைத்து, 67 கி.மீ. குழாயில் குழம்பாக மங்களூருக்கு அனுப்பினார்கள். காட்டையும் பத்ரா ஆற்றையும் காக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2005 இறுதியில் சுரங்கம் நின்றது.

சேலம் உருக்காலையைக் கஞ்சமலைத் தாதும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் வைத்து ஒருங்கிணைந்த ஆலையாகத்தான் முதலில் நினைத்தார்கள். பழுப்பு நிலக்கரி கோக்காகாது. கடைசியில் 1981இல் வெளியிலிருந்து வந்த தகட்டை உருட்டும் துருப்பிடிக்காத எஃகு ஆலையாகத் தொடங்கியது. உருக்கும் பிரிவு 2010இல்தான் வந்தது. 1830களில் ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய ஆலையும் சேலத்துத் தாதை மரக்கரியில்தான் உருக்கியது. இரண்டு முறையும் தாது இருந்தது, எரிபொருள்தான் திட்டத்தை நிர்ணயித்தது.

நேர்வழி

கோக் இல்லாத வழியை யாரும் சொல்லவில்லை. உலகில் அதிகம் ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதை உருக்காமல் ஆக்ஸிஜனை மட்டும் நீக்கிய இரும்பு) செய்வது நாம்தான். சாதாரண நிலக்கரி போதும். பல்லாரி, ராய்ப்பூர், சுந்தர்கட் எல்லாம் அதில்தானே ஓடுகின்றன? கோக்கிங் கரி பற்றி இவ்வளவு கவலை தேவையா?

உலைவாய்

தேவை. ஸ்பாஞ்ச் அயர்ன் செய்யும் சுழல் சூளையில் ஓடுவதற்கும் நிபந்தனை உண்டு, நண்பரே. தாது 5 முதல் 18 மி.மீ. லம்ப், 63% இரும்பு, சூட்டில் தூளாகாத வகை. கரி ஒட்டும் குணம் இல்லாததாக, சாம்பல் உருகும் வெப்பம் 1,400க்கு மேல். சூளை 1,000–1,050இல் ஓடும். சாம்பல் முன்னதாக இளகினால் தூளோடு சேர்ந்து சூளைச் சுவரில் வளையமாகப் படியும். வளையம் வளர்ந்து வழி குறுகினால் நிறுத்தி, ஆறவிட்டு, உடைத்து எடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரியது: ஸ்பாஞ்ச் அயர்னில் தாதின் கழிவு எதுவும் பிரியாது. 0.06% பாஸ்பரஸ் தாது 1.5 டன் போட்டால் 1 டன் ஸ்பாஞ்சில் 0.09%. அதை உருக்குவது பெரும்பாலும் இண்டக்‌ஷன் உலை. அது மின்காந்தத் தூண்டலால் உருக்கும் உலை, அதன் உள்பூச்சு குவார்ட்ஸ் ராம்மிங் மாஸ் (இடித்து இறுக்கிய தூள்), அமிலத் தன்மை. சுண்ணாம்புக் கசடு போட்டால் பூச்சையே தின்னும். எனவே பாஸ்பரஸ் அங்கே இறங்காது. டிஎம்டி கம்பிக்கு (கட்டடக் கம்பி) இந்தியத் தர விதி ஐஎஸ் 1786இன்படி எஃப்இ 500 தரத்தில் 0.055%, எஃப்இ 500டியில் 0.040%தான் உச்சம். பாஸ்பரஸ் குறைந்த தாது வாங்க வேண்டும், அல்லது நல்ல ஸ்கிராப் (பழைய இரும்பு) கலக்க வேண்டும். இரண்டையும் செய்யாத கம்பி குளிரில் வளைத்தால் பிளக்கும்.

இயற்கை எரிவாயு வழி சுத்தம். ஆனால் வாயு விலையில் அது பெரும்பாலும் மேற்குக் கரையோடு நிற்கிறது. நாளைக்கு ஹைட்ரஜன் வந்தாலும் 67% இரும்புள்ள பெல்லட் கேட்கும். அப்போது மேக்னடைட்டுக்கு மதிப்பு ஏறும் என்பது என் கணிப்பு.

வெள்ளைக்கல்

இனி சிறிய வரிகள். கன்வெர்ட்டருக்குப் போகும் சுண்ணாம்புக்கல் சிமென்ட் கல் அல்ல. சிலிக்கா 1%க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏன் என்றால் 100 கிலோ கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, கல்லில் 1% சிலிக்கா சுண்ணாம்பில் 1.8% ஆகும். கன்வெர்ட்டர் காரத்தன்மை 3க்கு மேல், எனவே அந்த 1.8 தன்னோடு 5.5 பங்கு சுண்ணாம்பைக் கட்டிக்கொள்ளும். 4% சிலிக்கா கல் என்றால் சுண்ணாம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தன் அழுக்கைத் தானே கழுவவே போய்விடும்.

சிலிக்கா குறைந்த நல்ல கல் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே சானுவில். ஆலைகளோ கிழக்கே. 1,500 கி.மீ.க்கு மேல் ரயில். அதனால்தான் ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் கல் கப்பலில் விசாகப்பட்டினத்துக்கும் பாராதீப்புக்கும் வருகிறது. ஊது உலைக் கல்லுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை, பிலாய்க்கு நந்தினிச் சுரங்கக் கல், ஹிர்ரி டோலமைட் போதும்.

செங்கல். சேலம் சாக் ஹில்ஸ் மேக்னசைட்டை நாம் வெள்ளைக்கல் என்போம். கையில் எடுத்தால் பால் வெள்ளை, ஆனால் நரம்பாகச் சிலிக்கா ஓடும். சுட்ட மெக்னீசியாவில் சுண்ணாம்பு–சிலிக்கா விகிதம் 2க்குக் கீழே இருந்தால் துகள்களுக்கு நடுவே தாழ்ந்த வெப்பத்தில் உருகும் சேர்மம் உருவாகும். 1,650 டிகிரி எஃகு தொட்டால் செங்கல் அங்கேதான் அவிழும். கன்வெர்ட்டரின் மெக்னீசியா–கார்பன் செங்கலுக்கு 97% மெக்னீசியா கேட்பார்கள், அதற்குச் சீனாவை நம்புகிறோம். 2017இல் லியாவோனிங்கில் சுற்றுச்சூழல் கெடுபிடி வந்ததும் விலை எகிறி, சரக்கும் கிடைக்காமல் போனது. வெள்ளைக்கல்லைக் கையால் பொறுக்கித் தரம் பிரிப்பதோடு நிற்காமல், அரைத்து மிதவை முறையில் சிலிக்காவை எடுத்தால் சேலத்துக் கல்லுக்கு இன்னும் பெரிய இடம் உண்டு.

கலவைப்பொடி

மாங்கனீசு: பாலாகாட், நாக்பூர், பண்டாரா. தாது உண்டு, ஆனால் பாஸ்பரஸ் அதிகம். அதனால் தென்னாப்பிரிக்கா, காபோன் தாதைக் கலக்கிறார்கள். 1.5% மாங்கனீசு எஃகுக்கு 75% ஃபெரோ மாங்கனீசு (இரும்பு–மாங்கனீசுக் கலவை) 20 கிலோ. அதில் 0.3% பாஸ்பரஸ் என்றால் 60 கிராம், எஃகில் 0.006% ஏறும். கன்வெர்ட்டரில் அரும்பாடுபட்டு 0.012க்கு இறக்கியதை வாளியில் (உருகிய எஃகை ஏந்தும் கலம்) 0.018 ஆக்கிவிடும். குழாய்த் தகடு போன்ற தரத்துக்குக் கலவைப்பொடியின் பாஸ்பரஸ் சான்றைப் பார்க்காமல் போடக் கூடாது.

குரோமைட்: ஏறக்குறைய முழுக்க ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கு. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் 18% குரோமியம். ஸ்கிராப் இல்லாமல் செய்தால் டன்னுக்கு 60% ஃபெரோ குரோம் 300 கிலோ, அதற்கு 690 கிலோ அளவுக்குக் குரோமைட். சுரங்க நீரில் நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் கரைந்து வரும், ஃபெரஸ் சல்பேட் போட்டு மூன்றாக்காமல் தம்சாலா ஓடையில் விடக் கூடாது. நிக்கல் டன்னுக்கு 80 கிலோ, அது இறக்குமதி. சுகிந்தாவில் குரோமைட்டுக்கு மேல் கிடக்கும் மண்ணிலேயே நிக்கல் இருக்கிறது, ஆனால் லிமோனைட் என்ற இரும்புக் கனிமத்தில் 1%க்கும் குறைவாகச் சிதறி இருப்பதால் பிரிப்பது செலவு. நம் பாத்திரக்கடைகளில் நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய 200 வரிசைத் துருப்பிடிக்காத எஃகு பரவியதற்கு இதுவே காரணம்.

இளவேனில்

மிக்க நன்றி. உலைவாய் சார், கடைசியாக ஒன்று. ஒரு புதிய ஆலைக்கு இடம் பார்த்தால் தாதுப் பக்கமா, துறைமுகப் பக்கமா?

உலைவாய்

கணக்காகவே பாருங்கள். 1 டன் இரும்புக்கு 1.6 டன் தாது உள்நாட்டிலிருந்து, 0.6 டன் கோக்கிங் கரியில் பெரும்பகுதி கப்பலில், கன்வெர்ட்டர் கல்லும் பல இடத்தில் கப்பலில். 1 டன் எஃகு வெளியே போக வேண்டும். தாதை ரயிலில் கொண்டுவந்தால் கடற்கரை தோற்கும், குழம்பாகக் குழாயில் கொண்டுவந்தால் கடற்கரை வெல்லும். கிரந்துல்–விசாகப்பட்டினம் 267 கி.மீ. குழாய் அந்த எண்ணத்தில் வந்தது. ஆனால் குழாயில் வருவது மாவு, சின்டருக்கு ஆகாது, பெல்லட் ஆலை கட்டாயம். லம்பும் சின்டரும் வேண்டும் என்றால் ரயிலை விட முடியாது. முதலில் உலையின் பாரத்தில் பெல்லட் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யுங்கள், இடம் அதற்குப் பிறகு.